உடைந்த கண்ணாடி ஒட்டுமா?

எங்கள் வீட்டில் பழமொழிக்குப் பஞ்சமே கிடையாது. பால் பொங்கினாலும் ஒன்று, பல்லி விழுந்தாலும் ஒன்று. அதில் கண்ணாடியை வைத்தும் ஒன்று உண்டு: “மனசும் கண்ணாடியும் ஒண்ணு, உடைஞ்சா ஒட்டாது.” பாகப்பிரிவினையில் பெரியம்மாவும் சித்தியும் பேச்சை நிறுத்தி 11 வருஷம் ஆகிறது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லி, பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்.

இதை முதலில் சொன்னவர் கண்ணாடிச் சூளைப் பக்கமே போயிருக்க மாட்டார். ஃபிரோசாபாத் போய்வந்த தைரியத்தில் சொல்கிறேன்.

நம்மவர்கள் ஆக்ரா போனால் தாஜ்மகால் முன்னால் ஒரு போட்டோ, கையில் ஒரு பெட்டி பேட்டா, அப்படியே திரும்பி விடுவார்கள். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான் ஃபிரோசாபாத். டெல்லியிலிருந்து ஹௌரா போகிற ரயில் பாதையில், டூண்ட்லா தாண்டியதும் வரும். நாம் போடும் கண்ணாடி வளையல்களில் பெரும்பாலானவை பிறந்த ஊர் அதுதான். ‘சுஹாக் நகரி’ என்று செல்லப்பெயர். சுமங்கலிகளின் நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கலை என்றதும் இத்தாலியின் முரானோ தீவைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தீ விபத்துக்குப் பயந்து, 1291-ல் வெனிஸ் அரசு தன் கண்ணாடிச் சூளைகளை அந்தத் தீவுக்கு மாற்றியது. இன்று அங்கே சுற்றுலாப் பயணிகளை உட்கார வைத்து, அவர்கள் கண்ணெதிரே கண்ணாடி ஊதிக் காட்டுகிறார்கள். ஃபிரோசாபாத்தில் அந்த மாதிரி காட்சியெல்லாம் இல்லை. வளையல் ஏற்றிய கைவண்டிக்கு வழிவிட்டு, சாக்கடையைத் தாண்டி, தெரிந்தவர் யாராவது கூட்டிப்போனால்தான் சூளைக்குள் கால் வைக்க முடியும். எனக்கு இந்த ஊர்தான் பிடித்திருந்தது.

சூளை வாசலிலேயே முதல் ஆச்சரியம். குன்று மாதிரி உடைந்த கண்ணாடி. குப்பை என்று நினைத்துவிடாதீர்கள், மூலப்பொருளே அதுதான். மணல், சோடா சாம்பல், சுண்ணாம்பு இவற்றோடு உடைசலையும் கலந்துதான் உருக்குகிறார்கள். உடைசல் சேர்ந்தால் கலவை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும், எரிபொருளும் மிச்சம். ஒரு முறை உடைந்ததால் அதன் மதிப்பு போய்விடுவதில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கலாம். கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா.

உருகிய கண்ணாடியைச் சுழலும் உருளையில் நூல் மாதிரி இழுத்துச் சுற்றுகிறார் ஒருவர். கண்மூடித் திறப்பதற்குள் நீளமான ஒரு ஸ்பிரிங் தயார். அதன் நெடுகிலும் ஒரு கோடு கிழித்துப் பிரித்தால் ஒவ்வொரு சுற்றும் தனித்தனி வளையமாகிறது. ஆனால் வாய் மூடாத வளையம். ஒரு முனை இந்தப் பக்கம், ஒரு முனை அந்தப் பக்கம். அதாவது, இந்த வளையல் பிறக்கும்போதே உடைந்துதான் பிறக்கிறது!

ஒட்டுவது யார்? பெண்கள். கட்டுக் கட்டாக வளையல்கள் சந்துகளுக்குள் இருக்கும் வீடுகளுக்குப் போகின்றன. நான் பார்த்த வீட்டில் ஓர் அம்மாள், சின்னத் தீச்சுடருக்கு முன்னால் குந்தியிருந்தார். வளையலின் இரண்டு முனையையும் சுடரில் காட்டி, இளகியதும் ஓர் அழுத்து. அவ்வளவுதான், அடுத்தது. ஒரு வளையலுக்குச் சில நொடிதான். கூலி கட்டுக் கணக்கில். காற்று பட்டால் சுடர் ஆடும் என்பதால் மின்விசிறி போடுவதில்லையாம். மே மாத வெயிலிலும்! நான் போனது நவம்பர். அந்த அறையில் பத்து நிமிஷம் நின்றதற்கே ரவிக்கை நனைந்துவிட்டது.

விரல் நுனிகளைக் காட்டினார். வரிசையாகத் தழும்பு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இங்கே புண்ணைத் தந்ததே கண்ணாடிதான். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள். “இவளுக்கும் சொல்லிக் கொடுப்பீர்களா?” என்று கூட வந்தவரை விட்டு இந்தியில் கேட்கச் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. தலையை மட்டும் இல்லை என்று அசைத்தார்.

தாஜ்மகாலின் பளிங்கைப் புகையிலிருந்து காப்பாற்ற, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதன்பிறகு அந்த வட்டாரத்தில் நிலக்கரிச் சூளைகள் எரிவாயுவுக்கு மாறின. நல்ல விஷயம்தான். பளிங்குக்குக் கிடைத்த அந்தக் கவனத்தில் கொஞ்சம் இந்த விரல்களுக்கும் கிடைத்திருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளக்குக் கூண்டு, ஜாடி மாதிரி கனமான சாமான்களைச் செய்தவுடன் வெளியே எடுத்துவிட மாட்டார்கள். மிதமான சூட்டில் வைத்து மெல்ல மெல்ல ஆற விடுவார்கள். அவசரப்பட்டால் மேல்பக்கம் ஆறி, உள்பக்கம் சூடாகவே இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒருநாள், யாரும் தொடாமலேயே, ‘டப்’. எங்கள் பாட்டிக்கு ரொம்பப் பிடித்த “ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலையா?” சோற்றுக்குச் சொன்னது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கடைத்தெருவில் நின்றுகொண்டு சித்திக்குப் போன் போட்டேன். அவள் மருமகளுக்கு தை மாதம் வளைகாப்பு, அளவு தெரிய வேண்டும். “ரெண்டு நாலு” என்றாள். (இரண்டு அங்குலம், அதற்குமேல் பதினாறில் நாலு பங்கு. வளையல் கடைக் கணக்கு அது.) கலர் எல்லாம் பேசி முடித்தோம். போனை வைக்கப் போனவள், கொஞ்சம் நிறுத்தி, “அக்காவுக்கு ரெண்டு ஆறு. பச்சைதான் போடுவா” என்றாள்.

ரயிலில் பச்சையில் ஒன்று உடைந்துபோனது. மீதி 11-ஐப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. “அளவு யாரு சொன்னா?” என்றாள். சொன்னேன். “ம்” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

வளைகாப்புக்கு வருவாளா என்று இன்னும் தெரியாது. புடவை எடுத்திருக்கிறாள் என்று மட்டும் பெரியப்பா சொன்னார்.