ஒன்பது லட்சம் டாலர் சர்க்யூட் போர்டு

1976-ல் ஆப்பிள்-1 கம்ப்யூட்டரின் விலை 666.66 டாலர். கம்ப்யூட்டர் என்றா சொன்னேன்? வெறும் சர்க்யூட் போர்டு சார்! கீபோர்டு, மானிட்டர் கிடையாது, மூடி வைக்க ஒரு பெட்டிகூடக் கிடையாது. எல்லாம் வாங்கியவர் பாடு. மொத்தமே சுமார் 200தான் செய்தார்கள். அதில் ஒன்று, ஸ்டீவ் ஜாப்ஸின் ஆபீஸில் இருந்தது, 2024-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,45,000 டாலருக்குப் போனது.

நான் பி.காம். கம்ப்யூட்டர் என்றால் வருஷா வருஷம் தேய்மானம் எழுதித்தான் பழக்கம். இது ஆயிரத்து நானூறு மடங்கு ஏறியிருக்கிறது!

வாங்கியவர் வாங்கட்டும், அவர் காசு. என் வயிற்றெரிச்சல் வேறு. மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன், 2012-ல் சியாட்டிலில் ஒரு மியூசியம் திறந்தார். அங்கே அரிய பழைய மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீங்களே உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். 2018-ல் ஆலன் காலமானார். 2020-ல் கொரோனாவுக்காகக் கதவைச் சாத்தினார்கள். 2024-ல், இனித் திறக்காது என்று அறிவித்தார்கள். அந்த ஆப்பிள்-1 ஏலத்துக்கு வந்தது இப்படித்தான். ஓடுகிற மெஷின்களை ஊரே தொட்டுப் பார்த்த இடம் போய், விலைப்பட்டியல் மிஞ்சியது.

‘யாரோ ஒருத்தர் பீரோவில் பத்திரமாகத்தானே இருக்கும்?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் தப்பு. தங்கக்காசைப் பூட்டி வைக்கலாம், கம்ப்யூட்டரை முடியாது. எண்பதுகளின் பல மெஷின்களில் தேதி, நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள போர்டிலேயே ஒரு சின்ன பேட்டரி உண்டு. திறக்காமலே விட்டால் அது கசிந்து, பக்கத்திலுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். வெளியே பெட்டி பளபளக்கும், உள்ளே பச்சை பூத்திருக்கும். ஃபிளாப்பியிலுள்ள காந்தப் பூச்சும் நாளாக ஆக மங்கும். சேகரிப்பவர் என்று சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் மூடியைக் கழற்றாதவர், என் கணக்கில் சேகரிப்பவரே அல்ல. காயலான் கடைக்காரராவது பிரித்துப் பார்க்கிறார்!

ஓடினால் என்ன லாபம்? இங்கிலாந்தைக் கேளுங்கள். 1086-ல் அங்கே எடுத்த நிலக் கணக்குப் புத்தகம் டூம்ஸ்டே புக். அதன் 900-வது ஆண்டுக்காக 1986-ல் பி.பி.சி. ஒரு புது டூம்ஸ்டே தயாரித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் ஊரைப் பற்றித் திரட்டிக் கொடுத்ததை லேசர் டிஸ்க்கில் ஏற்றினார்கள். அதைப் படிக்க பி.பி.சி. கம்ப்யூட்டரும், அதற்கென்றே செய்த பிலிப்ஸ் பிளேயரும் வேண்டும். பதினைந்து வருஷத்தில் இரண்டும் அபூர்வப் பொருளாகிவிட்டன. ஆட்டுத்தோலில் எழுதிய பழசை இன்றும் படிக்கலாம், புதுசைப் படிக்க ஆளில்லை! அந்தக் கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் மென்பொருளை 2002-ல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். ஆனால், டிஸ்க்கிலிருந்து தகவலை வெளியே எடுக்க? யாரோ ஓடவைத்திருந்த பழைய பிளேயர்தான் வேண்டும்.

அதே பி.பி.சி. மைக்ரோ நம் நாட்டுக்கும் வந்தது. 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்றொரு திட்டம் போட்டு, முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளில் அதை வைத்தது. 32 கே.பி. நினைவகம். இன்று நீங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக் காணாது. ஆனால், எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டர் அது. அவர்கள் எழுதிய புரோகிராம்கள் எங்கே? ஸ்டாக் ரெஜிஸ்டரில் ‘கண்டம்’ என்று சிவப்பு மையில் எழுதித் தள்ளிவிட்டால் ஆடிட்டருக்குத் திருப்தி. எங்கள் காமர்ஸ்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாவம் இது. புத்தக மதிப்பு பூஜ்யம் ஆனால் பொருளும் பூஜ்யமாம்!

கறுப்புச் சாவிகள், மேலே சிவப்பாக ஒரு வரிசை, வெளுத்த கிரீம் கலர் பெட்டி. உங்கள் பழைய பள்ளியின் ஸ்டோர் ரூமில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால், தயவுசெய்து ஆர்வத்தில் பிளக்கைச் சொருகாதீர்கள். பவர் சப்ளையில் இருக்கும் பழைய கபாசிட்டர் வெடித்துப் புகை கக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து முதலில் அதை மாற்றுங்கள், சில்லறைக் காசுதான். பக்கத்தில் ஃபிளாப்பிகள் கிடந்தால் அவற்றையும் விடாதீர்கள். ஹெட்மாஸ்டர் கேட்டால், ஒன்பது லட்சம் டாலர் கதையைச் சொல்லுங்கள். அதற்காவது அது உதவட்டும்.