மலை ஊருக்கெல்லாம் அழகு, அடிவாரத்துக்காரனுக்கு மட்டும் அடியா?



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம பக்கத்து ரோட்டோரமாக நின்று பாருங்கள். ஆலாந்துறை வழியாகச் சாடிவயலுக்கும் கோவைக் குற்றாலத்துக்கும் வரிசையாகக் கார் போகும். பூண்டிப் பக்கம் பைக் பைக்காகப் போகும். மாசி, பங்குனி வந்துவிட்டால் வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறப் போகிற கூட்டம் மூங்கில் தடியோடு ராத்திரி பகலாக நடக்கும். தெற்கே போனால் ஆழியாறு, டாப்சிலிப், வால்பாறை. எல்லோருக்கும் மலை வேண்டும். சிலுசிலுன்னு காத்து வேண்டும். செல்போனில் பிடிக்கப் பச்சையாக ஒரு படம் வேண்டும்.

அதே காலை நேரத்தில்தான் ராத்திரி முழுக்கக் கண் முழித்த விவசாயி கையில் டார்ச் லைட்டோடு சாளையை விட்டு இறங்கி வருகிறான். காரில் போகிறவர் கண்ணாடியை இறக்கிக் கேட்கிறார்: "அண்ணா, இந்தப் பக்கம் யானை பார்க்க முடியுங்களா?" நாம் என்ன சொல்வது? பார்க்காம இருக்கத்தானுங்க வழி தேடிக்கிட்டிருக்கோம் என்று சொல்ல வேண்டியதுதான்!

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். கம்ப்யூட்டரில் பணம் கட்டிப் பதிவு செய்தால் வழிகாட்டியோடு காட்டுக்குள் போய் வரலாம். வழிகாட்டிகளாக மலைவாழ் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டோம். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. ஊருக்குள் இருக்கிறவர் காட்டுக்குள் போக 40 வழி போட்ட அரசு, காட்டில் இருந்து வருவது நம்ம வெள்ளாமையை அழிக்காமல் இருக்க என்ன வழி போட்டது?

போட்ட வழியைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2025 ஜனவரியில் அப்போது வனத்துறை அமைச்சராக இருந்த பொன்முடி சட்டமன்றத்தில் காட்டுப்பன்றி பற்றி ஓர் அறிவிப்புச் செய்தார். காப்புக்காட்டு எல்லையில் இருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் பன்றியைச் சுட அனுமதி கிடையாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரைக்கும் கூண்டு வைத்துப் பிடித்து, திரும்பக் காட்டிலேயே விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால்தான் வனத்துறையினர் சுடலாம்.

முதலில் கேட்டபோது நாமும் சந்தோஷப்பட்டோம். பல வருஷமாகக் கேட்டது கிடைத்ததே என்று நினைத்தோம். அப்புறம் அவரவர் தோட்டத்தில் நின்று அளந்து பார்த்தோம். தடாகம், நரசீபுரம், காரமடையின் மேற்குக் கிராமங்கள், சிறுமுகை, ஆனைமலைப் பக்கம் சேத்துமடை... நம்மில் எத்தனை பேர் தோட்டம் காட்டு ஓரத்தில் இருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது? பலருக்குக் காட்டு எல்லைக் கல்லும் வயல் வரப்பும் ஒன்றுதான்! எவன் தோட்டத்தில் பன்றி முதலில் இறங்குகிறதோ அவனுக்கு ஒன்றும் கிடையாது. எவன் தோட்டத்துக்கு மிச்சம் மீதி போய்ச் சேர்கிறதோ அவனுக்குத் துப்பாக்கி. இது என்னங்க நியாயம்?

நம்ம கொங்குப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். 'காட்டுக்குப் போயிட்டு வர்றேன்' என்றால் சோளம் விதைத்த பூமிக்குப் போகிறோம் என்று அர்த்தம். அரசாங்கத்துக் கணக்கில் காடு என்றால் வனம். பன்றிக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பன்றி தினமும் மலையில் இருந்து இறங்கி வந்துவிட்டு விடியும் முன் மலைக்கே திரும்புகிறது என்று ஆபீசில் உட்கார்ந்து நினைக்கிறார்கள். நமக்குத் தெரியும். பள்ளத்து ஓரத்தில், சீமைக்கருவேலம் புதரில், விற்றுப் போட்டுவிட்டு வேலியடைத்துச் சும்மா கிடக்கிற சைட்டுகளில் அது குடும்பம் நடத்துகிறது. சுமார் நாலு மாதத்தில் குட்டி, ஒரு ஈற்றுக்கு நாலு, அஞ்சு, ஆறு. பட்டா நிலத்திலேயே பிறந்து பட்டா நிலத்திலேயே வளர்கிற பன்றிக்குக் காட்டு எல்லையில் இருந்து டேப் பிடித்து அளந்தால் என்ன பிரயோஜனம்?

மக்காச்சோளம் நூறு நாள் பயிர். கதிர் பால் பிடிக்கிற வரைக்கும் பன்றி எட்டிக்கூடப் பார்க்காது. உரம் போட்டு, படைப்புழுவுக்கு மருந்து அடித்து, கடன் வாங்கிக் களை எடுத்து, இனி ஒரு மாதத்தில் அறுவடை என்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் இறங்கும். தின்பது கொஞ்சம், முறித்துப் போடுவது அதிகம். நிலக்கடலை என்றால் கொழு வைத்து உழுத மாதிரி நிலமே புரண்டு கிடக்கும். வாழைக்கன்றை வேரோடு கிளப்பிக் கிழங்கைத் தின்றுவிடும். தென்னங்கன்று வைத்தவர்களைக் கேட்டால் அழுதுவிடுவார்கள். நாம் செய்யாத வேலை என்ன இருக்கிறது? வீட்டுப் பொம்பளைங்க பழைய சேலையெல்லாம் இப்போது வேலியில்தான் தொங்குகிறது. சலூனில் முடி வாங்கி வந்து வரப்பில் தூவினோம். பினாயில் தெளித்தோம். தகரம் தட்டினோம். முதல் வாரம் பயப்படுகிறது, அடுத்த வாரம் சேலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வருகிறது!

சரி, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்க்காரர்களுக்காவது பிடித்து விடுகிற திட்டம் உதவுமா? இந்த 'பிடித்து விடுகிற' வைத்தியத்தை நம்ம மாவட்டம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2019 ஜனவரி கடைசியில் தடாகம் பக்கத்தில் சின்னத்தம்பி யானையைப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளிலேயே அது மலை இறங்கி உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டில் வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடிக்க வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரியில் தர்மபுரிப் பக்கம் பிடித்த மக்னா யானையையும் டாப்சிலிப்பில்தான் விட்டார்கள். அது பொள்ளாச்சி தாண்டிக் கோவை நகரத்துக்கே நடந்து வந்துவிட்டது. கும்கி, கிரேன், மயக்க ஊசி, ஜிபிஎஸ் எல்லாம் வைத்துக் கொண்டுபோன யானையே திரும்பி வருகிறது என்றால், கூண்டில் பிடித்து மூன்று கிலோமீட்டர் தள்ளி விட்ட பன்றி, விட்ட வண்டி டிப்போவுக்குத் திரும்புவதற்கு முன்னால் நம்ம தோட்டத்துக்கு வந்துவிடாதா?

யானையைச் சுடச் சொல்லவில்லை. அந்தப் பேச்சே நமக்கு வேண்டாம். விநாயகர் என்று கும்பிடுகிற ஜீவன் அது, வழித்தடத்தை மறித்தவர்கள் வேறு ஆட்கள் என்பதும் நமக்குத் தெரியும். காப்புக்காட்டுக்குள் இருக்கிற பன்றியையும் தொட வேண்டாம். அது புலிக்கும் சிறுத்தைக்கும் தீனி. பட்டா நிலத்துக்குள் குடியிருந்து பயிரை அழிக்கிற பன்றியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம்.

ஆனைகட்டி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே 2022 மே மாதம் அமைச்சரவையில் முடிவெடுத்து, பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களிடமே கொடுத்தார்கள். துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர் சுடலாம், விஷமும் கரண்டும் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடும் போட்டார்கள். அதே 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் அங்கேயும். அதே மலைத்தொடர்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் முடிகிற காரியம் இந்தப் பக்கம் ஏன் முடியாது? நம்ம பக்கம் பஞ்சாயத்துத் தலைவர்களின் பதவிக்காலமே 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. மனு கொடுக்கக்கூட ஊர்க்காரர் ஒருவர் அங்கே நாற்காலியில் இல்லாத நேரத்தில்தான் இந்த விதியும் வந்தது.

நஷ்ட ஈடு இருக்கிறதே என்பார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், வயசு அறுபதுக்கு மேல், வாழை போனதற்கு மனு எழுதிக்கொண்டு போனார். ஓர் அலுவலகத்தில் போட்டோ கேட்டார்கள். போட்டோ எடுத்துப் போனால் சிட்டா, அடங்கல் கேட்டார்கள். அதையும் கொண்டுபோனால் பார்வையிட ஆள் இல்லை என்றார்கள். ஆள் வந்தபோது அவர் நிலத்தை உழுது அடுத்த பயிர் வைத்துவிட்டார். "சேதம் எங்கேங்க பெரியவரே?" என்று கேட்டாராம் வந்தவர். பெரியவர் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போய்விட்டார். இன்னும் அந்த மனு அவரிடம்தான் இருக்கிறது.

நமக்குள்ளேயும் ஒன்று பேச வேண்டும். ஆத்திரத்தில் சிலர் வேலிக் கம்பியில் நேரடியாகக் கரண்ட் கொடுக்கிறார்கள். சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கத்தில் அப்படிக் கட்டிய கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கம்பியில் யானை மட்டுமா சாகும்? தண்ணி கட்டப் போன நம்ம பையன், புல் அறுக்கப் போன நம்ம வீட்டு அம்மிணியும்தான் சாகிறார்கள். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய யானை நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாவதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். இந்த வேலை வேண்டவே வேண்டாம். இதைச் செய்கிறவருக்காகச் சங்கம் எந்த ஸ்டேஷனுக்கும் வராது, இப்போதே சொல்லிவிடுகிறோம்.

நாம் கேட்பது இதுதான். கிலோமீட்டர் கணக்கை எடுத்துவிட்டு, பட்டா நிலத்தில் சேதம் நடந்ததா இல்லையா என்று பார்த்து நடவடிக்கை எடுங்கள். சேதத்தைப் பார்க்க ஆள் மூன்று நாளைக்குள் வரவேண்டும். வராவிட்டால் விவசாயி எடுத்த போட்டோவையே ஆதாரமாக ஏற்க வேண்டும். வாழை, தென்னை, பாக்குக்கு மரக் கணக்கில் ஈடு வேண்டும். மலையேற்றத்திலும் சுற்றுலாவிலும் வருகிற வருமானத்தில் ஒரு பங்கை அந்தந்த அடிவாரக் கிராமத்துக்கே ஒதுக்கி, தூர்ந்து கிடக்கிற யானை அகழியை வெட்டவும், சிறு விவசாயிக்கு முழு மானியத்தில் சோலார் வேலி போடவும் செலவு செய்ய வேண்டும். மலையைக் காட்டிச் சம்பாதிக்கிற பணம் மலையடிவாரத்துக்கு வருவதில் என்ன தப்பு?

1972ல் நாராயணசாமி நாயுடு காலத்தில் கோவை நகரத்தை மாட்டு வண்டியால் நிறைத்தவர்கள் நம்ம அப்பன், பாட்டன்மார். இன்று பலர் வீட்டில் வண்டியும் இல்லை, மாடும் இல்லை. பரவாயில்லை, பஸ் ஏறி வாருங்கள். தாலுகா ஆபீஸ் முன்னால் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும். பொம்பளைங்களும் வரவேண்டும், ராத்திரிக் காவலில் பாதி அவர்களுடையது. நாள், நேரத்தைக் கிளைச் செயலாளர்கள் ஊரில் சொல்வார்கள்.

வரும்போது சிட்டா நகல் ஒன்றும், காட்டு எல்லையில் இருந்து உங்கள் தோட்டம் எத்தனை தூரம் என்று எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றும் கொண்டு வாருங்கள். வேலியில் கட்டிய பழைய சேலை இருந்தால் அதையும் அவிழ்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் காம்பவுண்டுச் சுவர் நீளமாகத்தான் இருக்கிறது, அத்தனையும் கட்ட இடம் போதும்.