வாய்திறவாதார் செலுத்தும் வரி

நெடுநாள் வந்து கொள்வானுக்கு ஒரு பிடி மிகுதியாக அளந்து கொடுப்பதே நம் ஊர்க் கடைக்காரன் அறிந்த வணிகமுறை. நேற்று வந்தவனுக்குக் குறைந்த விலை, நெடுநாள் நின்றவனுக்கு உயர்ந்த விலை என்பது அவன் கேட்டறியாத ஒன்று. ஆயின், இன்று பிரித்தானியாவில் வீடுகளுக்கு இணைய இணைப்பு வழங்கும் குழுமங்கள் பலவும் இவ்விரண்டாம் முறையைத்தான் கைக்கொண்டுள்ளன. புதியவனை ஈர்க்க விலைக்குறைப்பு. அவன் உள்ளே வந்தமர்ந்து உடன்படிக்கைக் காலம் கழிந்தபின் விலையேற்றம்! அந்நாட்டில் வாழும் நம் தமிழன்பர்கள் இதனைத் தெள்ளத் தெளிய உணர்தல் வேண்டும் என்பதற்காகவே இத்திங்கள் ஆசிரியவுரையை இதற்கென ஒதுக்கினோம்.

அகலக்கற்றை இணைப்புக்கு எழுதப்பெறும் உடன்படிக்கை பெரும்பாலும் 12, 18 அல்லது 24 திங்கள் அளவினது. அக்காலம் முடிந்தால் இணைப்பு அறுவதில்லை. விலைக்குறைப்பு மட்டுமே அறுகின்றது. எடுத்துக்காட்டாக, திங்களுக்கு 28 பவுண்டு கட்டி வந்தவர்க்கு 40 பவுண்டு என்று பட்டியல் வரின், ஆண்டொன்றுக்கு 144 பவுண்டு கூடுதலாகின்றது. கம்பியும் முன்னைய கம்பியே. விரைவும் முன்னைய விரைவே. பின்னர் எதற்காக இக்கூடுதல்? வாய்திறவாது இருந்தமைக்காக! இதனை விலை என்பதினும் வரி என்பதே பொருந்தும்.

இவ்வரி சிறிதன்று. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில், மக்களுக்கு அறிவுரை வழங்கும் 'சிட்டிசன்சு அட்வைசு' எனும் அறநிறுவனம், அகலக்கற்றை, கைப்பேசி, வீட்டுக் காப்பீடு, வீட்டடமானக் கடன், சேமிப்பு ஆகிய ஐந்து துறைகளில் மாறாது நிற்போர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 400 கோடிப் பவுண்டு இழக்கின்றனர் எனக் கணக்கிட்டு, போட்டி, சந்தைகள் ஆணையத்திடம் முறையிட்டது. அதன்பின், வீட்டுக் காப்பீட்டிலும் ஊர்திக் காப்பீட்டிலும், புதுப்பிப்போரிடம் புதியவரினும் மிகுதியாகக் கேட்டல் ஆகாது என 2022 சனவரி 1 முதல் விலக்கப்பட்டது. அகலக்கற்றைக்கோ அத்தகைய விலக்கு இல்லை. அங்கே சட்டம் வாய்திறவாதாரைக் காப்பதில்லை; வாய்திறப்பார் கையில் சில கருவிகளை மட்டும் தந்துள்ளது. அக்கருவிகளை அறியாதவர்க்கு அவை இருந்தும் இல்லாதனவே.

முதற்கருவி, முடிவறிவிப்பு. தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பாகிய ஆப்காம் 2020 பிப்பிரவரி 15 முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, உடன்படிக்கை முடிவதற்கு 40 நாள் முதல் 10 நாள் முன்னதாகக் குழுமம் தன் நுகர்வோர்க்கு அறிவித்தல் வேண்டும். முடியும் நாள், இப்போதைய விலை, அதன்பின் கட்டவேண்டிய விலை, அக்குழுமமே தரக்கூடிய சிறந்த விலை ஆகிய யாவும் அவ்வறிவிப்பில் இருத்தல் வேண்டும். புதியவர்க்கு என்ன விலை என்பதும் அதில் வெளிப்படுதல் வேண்டும். இம்மடலைப் பிரியாமல் எறிபவர் பணத்தையே எறிபவராவார்.

இரண்டாவது, எளிய மாற்றமுறை. 2024 செப்டம்பர் 12 முதல், வேறு குழுமத்திற்கு மாற விரும்புவோர் பழைய குழுமத்தோடு வழக்காட வேண்டியதில்லை. புதியதனிடம் சொன்னாலே போதும், எஞ்சியவற்றை அவ்விரண்டும் தமக்குள் முடித்துக்கொள்ளும். அன்றியும், குழுமங்கள் பல ஓப்பன்ரீச்சு எனும் ஒரே அமைப்பின் கம்பிகளையே பயன்கொள்கின்றன. ஆதலின், மாறுவதென்றால் தெருவைத் தோண்ட வேண்டும் எனும் அச்சம் பெரும்பாலும் வீணே.

மூன்றாவது, இடைக்கால ஏற்றத்தின் தெளிவு. 2025 சனவரி 17 முதல் எழுதப்பெறும் உடன்படிக்கைகளில், 'பணவீக்கத்திற்கேற்பக் கூடும்' எனும் மூடுசொல் செல்லாது. எந்நாளில் எத்துணைப் பவுண்டு கூடும் என்பதை முன்னரே எண்ணாற் கூறுதல் வேண்டும். எனவே முதற்றிங்கள் விலையைக் கண்டு மயங்காது, காலம் முழுமைக்குமான தொகையைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்க.

இனி, பேசுமாறு யாது? 'கேள்' என்னும் நம் சொல் வினவுதலையும் குறிக்கும், செவிகொடுத்தலையும் குறிக்கும். விலைபேசுதற்கு இவ்விரண்டும் வேண்டும். உங்கள் வீட்டு முகவரிக்கு வேறு குழுமங்கள் இரண்டு என்ன விலையில், என்ன விரைவில் தருகின்றன என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்க. பின்னர் உங்கள் குழுமத்தை அழைத்து, விலக விரும்புவோரோடு பேசும் பிரிவைக் கேட்க. விலை குறைக்கும் உரிமை பெரும்பாலும் அப்பிரிவினரிடமே உண்டு. புதியவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க ஆகும் செலவினும் இருப்பவரை நிறுத்திக்கொள்ளும் செலவு குறைவு என்பதை அவர்கள் அறிவர், நீங்களும் அறிக. "இன்னார் இவ்விலைக்குத் தருகின்றனர், நீங்கள் எவ்வளவுக்குத் தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். முதலில் சொல்லும் விலை முடிந்த விலையன்று. வேண்டாத தொலைக்காட்சித் தொகுப்பை ஒட்டிவைத்து விலையை மறைப்பாராயின், இணைப்பின் விலையைத் தனியே கேட்க. ஒப்பினால் புதிய உடன்படிக்கைக் காலம் தொடங்கும் என்பதை மறவற்க. ஒப்பியதை எழுத்தில் பெறுக. பேசுபவர் ஊதியத்திற்கு உழைப்பவர். அவரிடம் சினம் வேண்டா, உறுதி போதும்.

"நமக்கு அவ்வளவு ஆங்கிலம் வாராதே" என்று தயங்கும் முதியோர் ஆரோவிலும் ஈசுட்டாமிலும் உளர். அயன்மொழி நாவிற் புரளாமை குற்றமன்று. அதனை ஏதுவாக்கி ஆண்டுதோறும் கூடுதலாய்க் கட்டிவருவதே இழப்பு. மாற்றமுறை எளிதாகிவிட்டமையால், பழைய குழுமத்தோடு சொல்லாட வேண்டிய கட்டாயமும் இன்று இல்லை. அரசின் வருவாய் உதவியோ ஓய்வூதியர்க்கான கூடுதல் உதவியோ பெறுவோர்க்கெனக் குறைந்த கட்டணத் திட்டங்களும் பல குழுமங்களில் உள்ளன. கேட்டவர்க்கே அவை கிட்டும். கேளாதார்க்குத் தாமே வந்து சேர்வதில்லை.

சில பவுண்டுக்காக வாதிடுவது சிறுமையன்றோ எனச் சிலர் எண்ணலாம். அன்று! கேட்பவன் பெறும் விலைக்குறைப்பு வானத்திலிருந்து வருவதில்லை. கேளாதவன் கட்டும் மிகுதியும் அதற்கு ஈடு செய்கின்றது. கேளாதவர் யார்? முதியவர், நோயர், மொழி வாராதவர், இரவும் பகலும் உழைத்து மடல் பிரிக்க நேரமில்லாதவர். வல்லவன் பெறும் தள்ளுபடிக்கு மெலியவன் பணங்கட்டும் ஒரு முறையை அறம் என்று எவர் சொல்வார்? ஆதலின், தம் பட்டியலைக் குறைத்துக்கொண்டதோடு அமைந்துவிடுதல் போதாது. இளையோர் ஒவ்வொருவரும் தம் பெற்றோர் பட்டியலையும், பக்கத்து வீட்டுப் பாட்டியின் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க. காப்பீட்டில் 2022இல் இயன்ற விலக்கு இணையத்திற்கு ஏன் இயலாது என்று தம் நாடாளுமன்ற உறுப்பினரையும் வினவுக.

அவ்விலக்கு வரும் நாள்வரை, உடன்படிக்கை முடியும் நாளை நாட்காட்டியிற் குறித்து வைக்க. அந்நாள் நெருங்கும்போது வாய் திறக்க. கேட்பது இரத்தலன்று; உரிமை.