புறம்பானோர் சாட்சி

சபைத் தலைவர் ஒருவருடைய ஒழுக்கத்துக்குச் சாட்சி கூறச் சபையார் மாத்திரம் போதுமா என்னும் வினாவுக்கு, ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஓர் ஊரிலிருந்து நோக்குங்கால் விடை எளிதிற் கிடைக்கும். இவ்வூர் பூவராகப் பெருமாள் கோவிலாற் பேர்பெற்றது. மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது அவ்விடத்து முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வது நெடுங்கால வழக்கம். கிறிஸ்தவரோ இங்குச் சிறு தொகையினர். ஆகவே இத்தகைய ஊரில் ஊழியஞ் செய்யும் போதகரை நாடோறும் காண்பவரும் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்பவரும் பெரும்பாலும் பிற சமயத்தவரே. அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அவர்கள் கேட்பதில்லை. கடைப் பாக்கியைத் தீர்த்தாரா, கூலியாளுக்குச் சொன்ன கூலியைக் கொடுத்தாரா என்பதையே அவர்கள் அறிவர்.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், கண்காணிக்கு வேண்டிய இலட்சணங்களைச் சொல்லிவரும் பவுல் அப்போஸ்தலன், சபைக்குப் புறம்பேயுள்ளவர்களிடத்திலும் அவன் நற்பெயர் பெற்றிருத்தல் வேண்டும் என்று முடிக்கிறார். மற்ற இலட்சணங்களைக் குறித்துப் பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறோம். இதனைக் குறித்துக் கேட்டது அரிது.

இவ்விலட்சணம் ஒரு மனிதரிடத்தில் எங்ஙனம் விளங்கிற்று என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே திருஷ்டாந்தம் உண்டு. பிரஷ்ய தேசத்தில் 1726-ஆம் ஆண்டு பிறந்து, 1750-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திருச்சிராப்பள்ளியிலும் பின்பு தஞ்சாவூரிலும் ஊழியஞ் செய்த சுவார்ட்ஸ் ஐயரையே கூறுகிறோம். 1779-ல் சென்னைக் கும்பினியார் ஐதர் அலியினிடம் தூது அனுப்ப எண்ணியபோது, ஐதர் ஏற்கத்தக்க தூதராகக் கருதியது இந்தப் பாதிரியாரைத்தான். ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று திரும்புகையில் வழிச்செலவுக்கென்று ஐதர் முந்நூறு ரூபாய் அளித்தார். ஐயர் அதனைச் சென்னை அதிகாரிகளிடம் ஒப்புவித்தார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லவே, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அத்தொகையை முதலாக்கினார். தூது பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். அடுத்த ஆண்டே ஐதர் கர்நாடகத்தின்மேற் படையெடுத்தார். 1781 ஜூலை முதல் தேதியன்று, மேற்சொன்ன கிள்ளைக்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையிற் பெரும்போர் நிகழ்ந்தது.

நம் மனத்தை அதிகம் கவர்வது அந்த யுத்தகாலத்தில் தஞ்சைக் கோட்டையில் நேர்ந்த நிகழ்ச்சியே. கோட்டைக்குள் பஞ்சம், வெளியே கிராமங்களில் நெல் உண்டு. ஆயினும் முன்பு நெல்லும் வண்டிமாடும் கொடுத்துப் பணங்காணாத குடியானவர்கள் இப்பொழுது ஒருபடி நெல்லும் கொண்டுவர மறுத்தார்கள். அரசன் வாக்கும் கும்பினி வாக்கும் அவர்களிடத்திற் செல்லவில்லை. அப்பொழுது, என் கையினாலேயே உங்களுக்குப் பணம் தருவேன் என்று சுவார்ட்ஸ் ஐயர் ஊரூராய் எழுதியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. சுமார் எண்பதினாயிரம் கலம் நெல் சேர்ந்தது. கோட்டை பிழைத்தது. பின்பு ஒவ்வொருவருக்கும் சேரவேண்டியதைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்தார். அந்தக் குடியானவர்களில் மிகுதியானோர் ஞானஸ்நானம் பெற்றவரல்லர்; அவருடைய சித்தாந்தத்தைப்பற்றி அவர்களுக்கு யாதொரு கவலையுமில்லை. 1787-ல் துளஜா மகாராஜா மரணப்படுக்கையில் தம் சுவீகார புத்திரன் சரபோஜியை ஒப்புவிக்க விரும்பியதும் இவரிடமே. 1798-ல் ஐயர் மரித்தபின், கிறிஸ்தவராகாத அந்தச் சரபோஜியே பிளாக்ஸ்மன் என்னும் பேர்பெற்ற சிற்பியைக்கொண்டு சலவைக்கல்லில் ஞாபகச் சின்னம் செய்வித்துத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் நிறுத்தினார்.

ஐயரைக் குறையற்றவர் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாய் அமரும் வழக்கத்தை அவர் பொறுத்துக்கொண்டார். 1833-ல் அத்தியட்சர் தானியேல் வில்சன் அதனை ஒழிக்கக் கட்டளையிட்டார். ராஜாவும் குடியானவரும் புகழ்ந்த அக்காலத்தில், ஒதுக்கி உட்காரவைக்கப்பட்டவர்களை யாராவது கேட்டிருந்தால் வேறொரு சாட்சியும் கிடைத்திருக்கும். ஆகவே புறம்பானோர் என்னும் சொல்லை நாம் சற்று விரித்தே பொருள் கொள்ளவேண்டும். ஆலயத்தைப் பெருக்குகிறவரும், விடுதிச் சமையற்காரியும், பள்ளியில் வேலைபெறக் காத்திருக்கும் ஏழை ஆசிரியரும் சபைக்குள்ளிருந்தும் புறம்பானவரே.

சபைத் தேர்தல்களில் இன்று நாம் விசாரிப்பது யாது? இன்னார் எந்தக் கட்சி, எந்தச் சாதி, எத்தனை வாக்கு அவர் கையில் என்பதே. சபையின் உள்விஷயத்தில் அந்நியருக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். சபைச் சொத்தும் தேர்தலும் பற்றிய வழக்குகள் எத்தனையோ நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. அங்கே தீர்ப்புச் சொல்லுகிறவர் பெரும்பாலும் அந்நியரே அன்றோ? வாயிலில் நின்று ஒரு வார்த்தை சொல்ல இடங்கொடாத நாம், அவர் நியாயாசனத்தில் வீற்றிருக்கும்போது கைகட்டி நின்று கேட்கிறோம்.

நாம் வேண்டுவன இரண்டே. சபையின் வரவுசெலவுக் கணக்கு ஆண்டுதோறும் தமிழில் எழுதப்பட்டு, எவரும் படிக்கும்படி ஆலயக் கதவில் ஒட்டப்படவேண்டும். உயர்ந்த ஊழியத்துக்கு ஒருவர் பெயர் சொல்லப்படுமாயின், அவர் முன்பு வேலைசெய்த ஊருக்கு இருவர் சென்று, அங்குள்ள கடைக்காரரையும் தபாற்காரரையும் ஆலயம் பெருக்குகிறவரையும் தனித்தனியே கேட்டுவரவேண்டும். இதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்தவேண்டுவதில்லை. ஸ்ரீமுஷ்ணத்துக்கு விருத்தாசலத்திலிருந்து பஸ் இருக்கிறது.