ஆடு அறிந்ததும் ஆள் அறியாததும்

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைக் கடைகளில் திரிபலாப் பொடியும் நிலவேம்பும் பிரசவ மருந்தும் அடுக்கப்பட்டிருக்கக் காணலாம். “மூலிகைதானே, என்ன தீங்கு செய்துவிடும்?” என்பது விற்போரும் வாங்குவோரும் சேர்ந்து ஓதும் மந்திரம். தமிழ் மருத்துவத்தின் நற்பெயருக்கு இம்மந்திரத்தைவிடப் பெரிய பகை இல்லை.

ஆடுதின்னாப்பாளை என்றொரு செடி உண்டு. குடற்புழுவுக்கு அதனைச் சித்த மருத்துவம் கூறும். ஆடும் தின்னாது விலகும் என்பதை அதன் பெயரே உரைக்கிறது. பெருமருந்து எனப்படும் ஈசுரமூலியும் அதே இனம். இவ்வினச் செடிகளில் உள்ளது அரிஸ்டோலோக்கிக் அமிலம். அது எலிகளுக்குப் புற்றுநோய் விளைப்பதைச் செருமானிய ஆய்வாளர் 1982-இல் வெளியிட்டனர். உலகம் செவிமடுத்ததா? பத்தாண்டு சென்றபின் பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகை மாத்திரை உண்ட ஏறத்தாழ நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகைக்கு மாற்றாக இவ்வினச் செடி கலந்துவிட்டதே காரணம். 2017-இல் சிங்கப்பூர், தைவான் ஆய்வாளர்கள் தைவான் நோயாளிகள் 98 பேரின் கல்லீரல் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்தபோது, 78 விழுக்காட்டில் இவ்வமிலம் மரபணுவில் பதித்த தடத்தைக் கண்டனர். எலி சொன்னதைக் கேளாத மனிதர் அதனைத் தம் உடலால் மெய்ப்பித்தனர்.

“ஆயிரமாண்டு அனுபவம் போதாதா?” என வினவுவர் மரபுப் பற்றாளர். அனுபவம் பெரிது, ஐயமில்லை. குடித்த நாழிகையே வாந்தி கண்டால் அனுபவம் உணர்ந்துகொள்ளும். பல்லாண்டு கழித்து முளைக்கும் புற்றை, என்றோ குடித்த கசாயத்தோடு எந்தப் பாட்டியால் இணைத்துப் பார்க்க இயலும்?

“கொல்லாமையைப் போற்றிய இனம் எலியை வதைக்கலாமா?” என்பார் வேறு சிலர். இவ்வினா மதிக்கத்தக்கது. மாற்றுவழி காண்க, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பம் தணிக்க என ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இலேயே நெறி வகுத்தனர். சிங்கப்பூரில் 2004-இல் வெளிவந்த ஆய்வு விலங்கு வழிகாட்டி நெறிகளும் அவ்வழியே சென்றன. பாதி விலங்குகள் மடியும் அளவைத் தேடிய பழைய சோதனை, பொருளியல் ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பின் நெறிகளிலிருந்து 2002-இல் நீக்கப்பட்டது. கண்ணாடிக் குடுவையின் உயிரணுக்கள் விடை தருமாயின் எலி வேண்டா. ஆயின் எதனையும் சோதியாது விற்பது அருளாகாது. எலி இருந்த கூண்டில் பிள்ளை பெற்றவளையும் அவள் மகவையும் அடைப்பதேயாகும்.

எலியும் எல்லாம் சொல்லிவிடாது. பெர்பெரின் என்னும் பொருளுடைய மூலிகைகளைச் சிங்கப்பூர் 1978-இல் தடைசெய்தது. ஜி6பிடி நொதி குறைந்த பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலையை அது முற்றச் செய்யும் என்ற அச்சமே காரணம். தமிழர் நன்கறிந்த மரமஞ்சளிலும் அப்பொருள் உண்டு. அக்குறையற்ற எலியிடம் அத்தீங்கு தென்படுமா? மேலும் ஆய்வு பெருகிய பின்னரே, 2013 தொடங்கி, அத்தடை படிப்படியாக விலக்கப்பட்டது. குடுவை, விலங்கு, மனிதர் என ஒவ்வொரு படியிலும் சான்று வேண்டும் என்பதே இதன் பாடம். தடை விதித்ததும் ஆய்வு. அதனை நீக்கியதும் ஆய்வு. மூலிகைக்கு ஆய்வு பகையன்று.

ஆகவே கடமை தமிழ் வகுப்பறையிலும் தொடங்குகிறது. ‘மூலிகை பக்கவிளைவு அற்றது’ என்று மாணவன் கட்டுரையில் எழுதினால், ஆசிரியர் அதனை மரபின் பெருமையெனப் பாராட்டிச் செல்லலாகாது. ‘சான்று எங்கே?’ எனச் சிவப்பு மையால் கேட்டல் வேண்டும். முகர்ந்து பார்த்து விலகிய ஆட்டின் செயலைச் செடிக்குப் பெயராகவே வைத்த முன்னோரின் வழித்தோன்றல்கள், முகராமலே விழுங்குவது மரபைப் போற்றுவது ஆகுமா?