புழுவைக் கொன்று குருவியைத் தேடுவோர்

இயற்கையைக் காண ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல வேண்டும். நான்கு தொட்டிச் செடிகள் நிற்கும் பால்கனியில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் நம்மிடையே பலர். இக்கேள்வி அறியாமையின் கேள்வி அன்று, அலட்சியத்தின் கேள்வி என்பதே நம் கருத்து.

தொட்டியில் வளரும் கறிவேப்பிலையை உற்று நோக்குங்கள். தளிரின்மேல் பறவையின் எச்சம் போல் ஏதோ ஒட்டியிருக்கும். அது எச்சமன்று, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. தன்னைத் தின்ன வரும் பறவையை ஏமாற்ற அது பூண்ட வேடம் அது. வளர்ந்தபின் இலையின் பச்சையைத் தன் நிறமாக்கிக்கொள்ளும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கொம்பு போன்றதோர் உறுப்பை நீட்டி நாற்றம் பரப்பும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் போன்ற சில மரஞ்செடிகளின் இலைகளே அதற்கு உணவு. இத்தனை வியப்பும் நம் கைக்கெட்டும் தொலைவில் நிகழ்கிறது. நம்மவரோ மருந்துப் புட்டியைத் தேடுகின்றனர்!

இதே மக்கள்தாம் மார்ச் 20 அன்று சிட்டுக்குருவிக்காகக் கண்ணீர் உகுக்கின்றனர். 2010 முதல் அந்நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஒரு கிண்ணத்தில் தானியம் வைத்துவிட்டு, பழி முழுவதையும் கைப்பேசிக் கோபுரத்தின் மீது சுமத்திவிட்டால் கடமை முடிந்தது! ஆனால் 2020-இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை கூறுவது வேறு. நாடு முழுமைக்கும் நோக்கினால் சிட்டுக்குருவி பெருமளவில் குறைந்துவிடவில்லை. சென்னை போன்ற பெருநகரங்களிலேயே குறைந்துள்ளது. கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்குத் தக்க சான்றில்லை. கோபுரங்கள் சிற்றூர்களிலும் நிற்கின்றன. குருவிகளும் அங்கே வாழ்கின்றன.

காரணம் நம் வீட்டருகிலேயே உள்ளது. ஓட்டு வீட்டின் இடுக்குகளில் கூடு கட்டிய குருவிக்குக் கான்கிரீட் சுவரில் இடமில்லை. வளர்ந்த குருவி தானியம் தின்னும். அதன் குஞ்சுக்கோ புழுவும் பூச்சியும் வேண்டும். புழுவை நஞ்சிட்டுக் கொன்றுவிட்டுக் குருவிக்குக் கிண்ணம் வைப்பது, குழந்தையின் பாலைக் கொட்டிவிட்டுத் தாய்க்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

சேத்துப்பட்டு வட்டாரத்தார்க்கு இதை எடுத்துரைக்க வேண்டியதே இல்லை. ஆரணிப் பட்டின் பெருமை தறியில் மட்டுமா தொடங்குகிறது? முசுக்கொட்டை இலையைத் தின்ற ஒரு புழு தன்னைச் சுற்றி நூற்ற பல நூறு மீட்டர் இழையில் தொடங்குகிறது. புழுவின் உழைப்பை மணநாளில் உடுத்துகிறோம். அதன் உறவினம் செடியில் நான்கு இலைகளைத் தின்றால் பொறுக்கமாட்டோம் என்பது நியாயமா?

புறாக்களின் எச்சத்தால் நோய் வருமே என்பர். உண்மைதான், மூச்சுக்கோளாறு உள்ளோர் வாழும் வீட்டில் வலை கட்டுவதைக் குறை கூறோம். ஆயினும் புறாவுக்கு இட்ட தடையைத் தேன்சிட்டுக்கும் அணிலுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் விரித்து, செடிகளையும் அகற்றி, வெறுந்தரையைத் தூய்மை என்று போற்றுவதை ஏற்க இயலாது.

1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அப்புனிதரின் பாடலிலிருந்தே தம் சுற்றுமடலுக்குத் தலைப்பைத் தேர்ந்தார். நாமோ அப்புனிதரின் சுரூபத்தில் தோள்மீது அமர்ந்த பறவைக்கு வண்ணம் பூசுகிறோம். உயிருள்ள பறவைக்குச் சன்னலைச் சாத்துகிறோம்.

நாம் வேண்டுவது பெரிதன்று. கறிவேப்பிலையில் ஒரு கிளையைப் புழுவுக்கு விடுங்கள். நஞ்சு தெளிக்கும் கையைச் சற்றே நிறுத்துங்கள். நாள்தோறும் ஐந்து மணித்துளி நின்று நோக்கி, கண்டதன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெயரறியா உயிர் மறைந்தால், மறைந்ததையும் எவரும் அறியார்.