தழும்பின் நீளம் மட்டுமே அளவுகோலாகுமா?

மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சையை நாடி எங்களிடம் வரும் பெண்கள் பலர், கழுத்துவலி, தோள்வலி, உள்ளாடைப் பட்டை அழுத்திய பள்ளம், மார்பின் அடியில் வியர்வையால் உண்டாகும் புண் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டவர்கள். ஆயினும் அவர்கள் முதலில் கேட்பது, “தழும்பு எவ்வளவு நீளம் இருக்கும்?” என்பதையே. கேள்வி நியாயமானது. ஆனால் அதை மட்டும் கொண்டு முறையைத் தேர்ந்தெடுப்பது சரியன்று என்பது எங்கள் கருத்து.

உள்ளிருக்கும் திசுவைக் குறைத்தபின் எஞ்சும் தோலை நீக்க இரண்டு முறைகள் பெரிதும் வழக்கில் உள்ளன. முதலாவது, 1956-இல் ராபர்ட் வைஸ் வெளியிட்ட வரைவை ஒட்டியது. காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தைச் சுற்றியும், அங்கிருந்து கீழ்நோக்கியும், மார்பின் அடிமடிப்பில் கிடையாகவும் தழும்புகள் நங்கூரம் போல் அமையும். நீளம், அகலம் இரண்டிலும் தோல் குறைவதால், மிகப் பெரிதாகவும் தளர்ந்தும் உள்ள மார்பகங்களுக்கு இது பொருந்தும். ஆனால் இரு தையல்களும் சந்திக்கும் இடத்தில் இழுவிசை மிகுவதால் காயம் பிரியக்கூடும். கிடைத் தழும்பின் உள்முனை சிலருக்குத் தடித்துவிடும்.

இரண்டாவது, மடலின் லெஜூர், எலிசபெத் ஹால்-ஃபிண்ட்லே போன்ற மருத்துவர்கள் வளர்த்தெடுத்த செங்குத்து முறை. இதில் அடிமடிப்புத் தழும்பு பெரும்பாலும் இராது. ஆனால் மிகுதித் தோல் கீழ்முனையில் சுருக்கங்களாகச் சேர்க்கப்படும். அவை சமனாகிச் சீரான வடிவம் வரச் சில மாதங்கள் பிடிக்கும். சிலருக்குப் பின்னர் சிறு திருத்த அறுவையும் தேவைப்படும்.

ஆகவே, மிகவும் தளர்ந்த தோலில் குறுகிய தழும்பை வற்புறுத்திப் பெறுவது, மறுமுறை அறுவைக்கு வழிவகுக்கலாம். மிதமான அளவுக்கு நங்கூர முறையைப் பழக்கத்தின் காரணமாகவே மருத்துவர் செய்வதும் தேவையற்ற தழும்பையே தரும். இந்த இரண்டாவது பிழை எங்களைச் சார்ந்தது. அதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

காம்பின் இரத்த ஓட்டமும் உணர்வும், பின்னாளில் தாய்ப்பால் தரும் வாய்ப்பும் தோலை வெட்டும் வடிவத்தைவிட, காம்பைத் தாங்கி உள்ளே விடப்படும் திசுவையே பெரிதும் சார்ந்தவை. அதைப் பற்றித் தனியே கேளுங்கள். “என் மார்பின் அளவுக்கும் தோலின் தன்மைக்கும் எது பொருந்தும், ஏன்?” என்றும் கேளுங்கள். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் எம்முறையிலும் காயம் ஆறுவதைக் கெடுக்கும், அவற்றை மறைக்காதீர்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். “அழகுக்காகத்தானே?” என்று கேட்டு அவரது வலியைச் சிறுமைப்படுத்தாதீர்கள். தையலருகே கசிவு, காய்ச்சல், காம்பு கருத்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். தழும்பு காலப்போக்கில் மங்கும். பொருந்தாத முறையின் விளைவு அவ்வளவு எளிதில் மறையாது.